கடலூர் துறைமுகப் பக்கம் வரும் லாரிகள் ராத்திரி எங்கே நிற்கும்? ஒரு டீக்கடையிலிருந்து திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், தங்கள் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவினருக்கும்,

வணக்கம். முதுநகர் தாண்டி, சிப்காட் தொழிற்பேட்டை போகும் வழியில், சிதம்பரம் ரோட்டோரம் ராத்திரி டீக்கடை வைத்திருப்பவள் நான். ஊர் கடையடைக்கும் ஒன்பது மணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பேன், விடியற்காலை ஐந்தரைக்கு அணைப்பேன். பத்தொன்பது வருடமாக இதே பிழைப்பு. லாரிக்காரர்கள் ரோட்டோரம் நிற்பதால்தான் எனக்கு வியாபாரம். அந்த லாரிகளை ரோட்டிலிருந்து எடுக்க வழி செய்யுங்கள் என்று நானே எழுதுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "உன் வயித்துல நீயே அடிச்சுக்கிற" என்கிறார். அவரும் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர்தான். சொல்லிவிட்டு, எழுதியதை வாங்கிப் படித்து, இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னார்.

விடிந்ததும் எனக்கு முதல் வேலை கல் பொறுக்குவது. லாரியை ஓரங்கட்டினால் பின் சக்கரத்துக்குக் கல் கொடுப்பார்கள். ஹேண்ட் பிரேக்கை நம்பாத பழைய டிரைவர்கள் இரண்டு கல் கொடுப்பார்கள். கிளம்பும்போது, அதுவும் யாராவது அதட்டிக் கிளப்பும்போது, கல் அங்கேயே கிடந்துவிடும். லாரி அதன்மேல் ஏறி இறங்கிப் போய்விடும், பின்னால் இருட்டில் பைக்கில் வருகிறவன்தான் மாட்டுவான். அதனால் அடுப்பை அணைத்த கையோடு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, கடைக்கு இந்தப் பக்கம் ஐம்பது அடி, அந்தப் பக்கம் ஐம்பது அடி நடந்து கற்களை மண்ணில் தள்ளிவிட்டு வருவேன். அதற்கு மேல் நடக்க என் முழங்கால் விடுவதில்லை. அதைத் தாண்டியும் கல் கிடக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்குக் கடலூர் துறைமுகம் என்றால் புயல் கூண்டுதான் ஞாபகம் வரும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் "கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று செய்தியில் கேட்டுப் பழகியிருப்பார்கள். இங்கே குடியிருக்கிறவர்களுக்கு அது வேறு. கெடிலமும் உப்பனாறும் கடலைச் சேரும் இடத்தில் இருக்கும் பழைய துறைமுகம். முன்பெல்லாம் கப்பல் கரைக்கு வராது, கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். இப்போது சாகர்மாலா என்ற மத்திய அரசின் துறைமுகத் திட்டத்தில் ஆழப்படுத்துவதும் தளம் கட்டுவதும் நடந்திருக்கிறது. கப்பல் வரட்டும், ஊருக்கு நல்லதுதான். ஆனால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தாயிரம் டன் சரக்கோடு ஒரே ஒரு சின்னக் கப்பல் வந்தாலும், லாரிக்கு 25 டன் வைத்தால் 400 லோடு. அந்த நானூறு லாரியும் வரிசை வரும்வரை எங்கே நிற்கும் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கக் காணோம்.

கப்பலை விடுங்கள், இப்போதே நிற்கிற வண்டிகளைச் சொல்கிறேன். மீன் வண்டிகள் ராத்திரி வந்து ஏலத்துக்குக் காத்திருக்கும். ஐஸ் பெட்டியோடு வருகிற வண்டிகள், பாதி கேரளாவுக்குப் போகிறவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அவை இருக்காது, ரோடு கொஞ்சம் மூச்சு விடும். மீதி நாளெல்லாம் மீன் தண்ணீர் ரோட்டில் வழிந்து வழுக்கும். அடுத்து சிப்காட் கம்பெனிகளுக்கு மூலப்பொருள் கொண்டுவரும் லாரிகள், டேங்கர்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம், காரைக்கால் போகிற வழிவண்டிகளும் உண்டு. புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்பதால் முள்ளோடையில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு, தென்பெண்ணைப் பாலம் தாண்டி ஊருக்குள் வந்து, முதுநகர் வரும்போது டிரைவருக்குக் கண் சொருகும். பலாச் சீசனில் பண்ருட்டி வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். என் கடை வாசலில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் டெயில் லைட் இல்லாத கறுப்புப் பெட்டிகளாகத் தெரியும்.

இவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல். "லாரிக்காரன் கண்ட இடத்துல நிறுத்துறான்" என்று பேருந்தில் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். கண்ட இடத்தில் நிறுத்த யாருக்கும் ஆசையில்லை. ஒரு டிரைவரின் ஒரு நாளைச் சொல்கிறேன்.

சங்ககிரி வண்டி, டிஎன் 52. டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். என்னை அக்கா என்பார், நானும் அவரை அண்ணே என்பேன். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை. ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு கம்பெனி வாசலுக்குப் போயிருக்கிறார். "கேட் காலையில எட்டு மணிக்குத்தான்" என்றார் காவலாளி. சரி, வாசல் ஓரமாகவே நிறுத்திக்கொள்கிறேன் என்றால், மதில் சுவரில் "இங்கே வாகனங்கள் நிறுத்தக்கூடாது" என்ற பலகை. அந்தச் சுவருக்கு வெளியே இருப்பது அந்தக் கம்பெனி ரோடு இல்லை, பொது ரோடு, ஆனாலும் பலகை இருக்கிறது. என் கடைக்கு வந்து வண்டியைப் போட்டுச் சாப்பிட்டுப் படுத்தார். பதினொன்றரைக்கு ரோந்து வண்டி வந்து, "எடு, எடு." இரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போய் நிறுத்தினார். அங்கே பக்கத்து ஊர் ஆட்கள் நாலு பேர் வந்து, வீட்டு வாசலில் லாரி வேண்டாம் என்றார்கள். மறுபடி இங்கே. மூன்று மணிக்கு இன்னொரு ரோந்து. நாலரைக்குக் கம்பெனிப் பக்கம் போய்விட்டார், எட்டு மணிக்குக் கேட் திறக்கையில் வரிசையில் முதலில் நிற்கலாம் என்று. அங்கே இவருக்கு முன்னால் பதின்மூன்று வண்டி. சரக்கு இறங்கியபோது மதியம் இரண்டு. டீ குடிக்க வந்தவர் சொன்னார்:

"அக்கா, ஓட்டுனது ஆறு மணி நேரம். நின்னது பதினாறு மணி நேரம். தூங்குனது ஒன்றரை மணி நேரம். இப்ப புதுச்சேரியில லோடு ரெடியாம், உடனே வரச் சொல்றாங்க."

போனார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபோது அவர் கண் இருந்த நிறத்தைப் பார்த்தேன். அந்த வண்டிக்கு எதிரில்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூட வேனில் வருகிறார்கள்.

சரக்கு வேலையில் பாதி ஓட்டுவது, பாதி காத்திருப்பது. ஓட்டுகிற பாதிக்கு நாலுவழிச் சாலை போடுகிறீர்கள், பாலம் கட்டுகிறீர்கள், சுங்கமும் வாங்குகிறீர்கள். காத்திருக்கிற பாதிக்கு ஒரு முழம் மண்கூட ஒதுக்கவில்லை. அந்தக் காத்திருப்பை உண்டாக்குவதும் டிரைவர் இல்லை. கேட் நேரமும் ஏல நேரமும் கப்பல் நேரமும் எடை மேடை வரிசையும் உண்டாக்குகின்றன. காக்க வைப்பவர் ஒருவர், அபராதம் கட்டுபவர் வேறொருவர்.

அபராதம் என்றதும் இன்னொன்று. முன்பு ரோட்டை மறித்து நிறுத்தியதாக வழக்குப் போட்டால் இருநூறு ரூபாய்க்கு மேல் அபராதம் கிடையாது. புது சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது ஐயாயிரம் ரூபாய் வரை போகலாம் என்று என் மகள் சொன்னாள். அவள் சட்டம் படிக்கிறாள், புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடையில் வந்து உட்காருவாள், டீ ஆற்றிக்கொண்டே நான் பாடம் கேட்பேன். இப்போதெல்லாம் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அபராதம் முதலாளி போனுக்கு வருகிறது, முதலாளி அதை டிரைவர் படியில் பிடித்துக்கொள்கிறார். படி போனால் அந்த டிரைவர் அடுத்த டிரிப்பை இன்னும் வேகமாக அடிப்பார். அபராதத்தால் ரோட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு இவ்வளவுதான்.

அதே மகள்தான் வேறொரு பக்கத்தையும் காட்டினாள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 122: ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ வண்டியை நிறுத்தக்கூடாது. இது எல்லோருக்கும் தெரியும், தினமும் கேட்கிறோம். அதற்குக் கொஞ்சம் முன்னால் பிரிவு 117 இருக்கிறது. வண்டிகள் எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று மாநில அரசோ, அரசு அதிகாரம் கொடுத்தவரோ, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு இடம் குறிக்கலாம் என்கிறது. நிற்காதே என்று சொல்லும் சட்டமே, எங்கே நிற்பது என்று சொல்லவும் உங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. முதல் பாதியை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி அமல்படுத்துகிறீர்கள். இரண்டாவது பாதியைப் பகலிலாவது அமல்படுத்தக்கூடாதா?

டிரைவர்களுக்காக 1961லேயே ஒரு சட்டம் வந்தது என்பது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு, ராத்திரி தங்க நேரும் இடத்தில் ஓய்வறை என்றெல்லாம் அதில் எழுதியிருந்தார்களாம். அவர் சிரித்தார். "அஞ்சு பேராவது வேலைக்கு வச்சிருக்கிற கம்பெனிக்குத்தானே? நம்ம பக்கத்து லாரி எல்லாம் ஒரு வண்டி முதலாளி, ரெண்டு வண்டி முதலாளி. அதுல பாதி முதலாளியே டிரைவர்." ஓய்வறை கட்டவேண்டிய முதலாளியே கேபினில் கால் மடக்கிப் படுத்திருக்கும்போது யார் மேல் வழக்குப் போடுவது? அதனால்தான் இதை முதலாளிகளிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன்.

பக்கத்து ஊர்க்காரர்கள் லாரியை விரட்டினார்கள் என்று எழுதினேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு வண்டிக்கு இரண்டு ஆள் என்றால், முப்பது வண்டிக்கு அறுபது ஆண்கள். இவர்கள் காலைக்கடனுக்கு எங்கே போவார்கள்? உப்பனாற்றுப் பக்கமும், கருவேலங்காட்டுப் பக்கமும், சில நேரம் வீட்டுக் கொல்லை வேலி ஓரமும். விடியற்காலையில் வேலைக்குப் போகும் பெண்கள் அந்த வழியைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். குளிப்பதற்குத் தெருக்குழாய். ஊர்ப் பெண்கள் குடத்தோடு நிற்கும் குழாயடியில் ஒருத்தர் கைலியோடு சோப்புப் போட்டுக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? அந்த டிரைவருக்கும் கூச்சம்தான். என் கடைக்குப் பின்னால் ஒரு கழிப்பறை கட்டினேன். ஒரே மாதத்தில் தொட்டி நிரம்பிவிட்டது. பூட்டிவிட்டேன், சாவி என் இடுப்பில் இருக்கிறது. கேட்கிறவர்களில் யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று தினமும் ஒரு பஞ்சாயத்து.

லாரி டிரைவராகப் பெண்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு தடவை கணவன் மனைவி இருவரும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண் கேட்டதும் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

திருட்டும் உண்டு. தனியாக நின்றால் டீசல் போகும், பேட்டரி போகும், தார்ப்பாயை அறுத்து மூட்டை போகும். அதனால் டிரைவர்கள் வெளிச்சமும் ஆளும் இருக்கும் இடமாகப் பார்த்துக் கும்பலாக நிற்கிறார்கள். "ஏன் எல்லாரும் டீக்கடைகிட்டயே நிறுத்துறீங்க" என்று கேட்ட ஒரு அதிகாரிக்கு என் டீ ருசி காரணம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வெளிச்சம்தான் காரணம். என் கடையில் இரண்டு டியூப் லைட் எரிகிறது.

அந்த இரண்டு டியூப் லைட்டின் வெளிச்சம் முடிகிற இடத்தில்தான் அது நடந்தது. இரண்டாவது ஷிஃப்ட் முடித்து வந்த பையன், இருபத்தி மூன்று வயது, நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான். நான் பாலை இறக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. ஒரு தகரக் கதவை ஓங்கிச் சாத்தியது போல இருந்தது. போய்ப் பார்த்தால் பைக் லாரிக்கு அடியில். உயிர் பிழைத்தான், வலது கால் போய்விட்டது. லாரியில் பார்க்கிங் லைட் எரியவில்லை. ராத்திரி முழுக்க லைட் எரிந்தால் காலையில் செல்ஃப் எடுக்காது, பழைய பேட்டரி என்றான் டிரைவர். பின்னால் ஒட்டியிருந்த சிவப்பு ரிஃப்ளெக்டர் சேற்றில் மறைந்திருந்தது. டிரைவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவனும் இருபத்தாறு வயதுப் பையன்தான், ஜீப்பில் ஏறும்போது "அம்மா" என்று என்னைப் பார்த்துத்தான் அழுதான். தப்பு அவனுடையதுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு அவனைக் காலை ஏழு மணிக்கு வரச்சொன்ன கம்பெனியின் மதிலுக்கு உள்ளே, பத்து லாரி நிற்கும் அளவுக்குப் புல் முளைத்த வெறும் தரை கிடந்தது. அந்தத் தரையை எந்த எஃப்.ஐ.ஆரிலும் எழுதவில்லை.

டேங்கர் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், என் உயிர் சம்பந்தப்பட்டது. அபாயச் சரக்கு ஏற்றும் டேங்கரில் பின்னாலும் பக்கவாட்டிலும் ஒரு பலகை இருக்கும். சாய்சதுரப் படமும் நாலு எண்ணும் எழுதியிருப்பார்கள். வெகுகாலம் அது ஏதோ வண்டி நம்பர் என்றே நினைத்திருந்தேன். மகள்தான் போனில் பார்த்துச் சொன்னாள். 1789 என்றால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 1830 என்றால் கந்தக அமிலம், 1017 என்றால் குளோரின். ஒருநாள் 1230 என்று எழுதிய டேங்கர் என் அடுப்புக்குப் பதினைந்து அடி தள்ளி நின்றது. அது மெத்தனால், சாராயம் மாதிரி பற்றிக்கொள்ளும். டிரைவர் அசந்து தூங்குகிறார். எழுப்பிப் போகச் சொன்னால் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவார், எழுப்பாவிட்டால் என் அடுப்பு எரிகிறது. அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன், வியாபாரம் இல்லை. இப்படிப்பட்ட வண்டிகள் ஊர் நடுவே, டீக்கடை அடுப்புக்கும் பீடித் துண்டுக்கும் நடுவே ராத்திரியைக் கழிப்பதைச் சாலைப் பாதுகாப்புக் குழு ஒரு தரம் வந்து பார்க்கவேண்டும். மற்ற லாரிகள் காத்திருந்தாலும், இந்த டேங்கர்களுக்காவது தனி இடம் நாளைக்கே வேண்டும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். என் பெரியம்மா மகளைக் காரைக்காலில் கட்டிக் கொடுத்தது, மாமனார் வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அவள் மகன் பிரான்ஸில் லாரி ஓட்டுகிறான். கலே என்ற துறைமுகத்தில் லாரியோடு கப்பலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் டோவர், இங்கிலாந்து. போன பொங்கலுக்கு வந்தவனிடம் கேட்டேன், உங்கள் ஊரில் ராத்திரி எங்கேப்பா நிறுத்துவீர்கள் என்று. அங்கே வண்டியிலேயே ஒரு கருவி இருக்கிறதாம், ஓட்டிய நேரத்தை எழுதிக்கொண்டே வருமாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆகவேண்டும். ராத்திரிக்குப் பொதுவாக 11 மணி நேர ஓய்வு. மீறினால் பெரிய அபராதம். நான் வாயைப் பிளந்தேன். "இருங்க பெரியம்மா, மீதியையும் கேளுங்க" என்றான். துறைமுகத்தை நெருங்கும்போது நேரம் முடிந்துவிடும், ஆனால் லாரி நிறுத்தம் நிரம்பியிருக்கும். தொழிற்பேட்டை ஓரத்திலும் ரோட்டோரத்திலும் படுப்பார்களாம். டோவருக்குப் பக்கத்தில் ஆஷ்ஃபோர்ட் என்ற ஊரில் அப்படிப் படுத்தால் சக்கரத்துக்குப் பூட்டு. அங்கும் ஊர்க்காரர்களின் புகார் நம் ஊர்ப் புகார்தான்: குப்பை, பாட்டிலில் சிறுநீர், தூக்கம் கெடுக்கும் இன்ஜின் சத்தம். ஆனால் பூட்டுப் போடுகிற அந்த ஆஷ்ஃபோர்டில் குளியலறை, சாப்பாட்டு இடத்தோடு பெரிய லாரி நிறுத்தமும் இருக்கிறது. போதாது என்றுதான் சண்டையாம். நமக்குப் போதாது என்று சண்டை போடவாவது முதலில் ஒன்று இருக்கவேண்டும்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் டிரக் டெர்மினல் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது எங்களுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல், தமிழ்நாட்டுக்கே வெளியே. காலை எட்டு மணிக்கு முதுநகரில் நிற்கவேண்டியவரை அங்கே போய்த் தூங்கிவிட்டு வா என்று சொல்ல முடியாது. நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்கு ஆயிரம் ஓய்வில்லங்கள் என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். நல்ல காரியம், ஓடிக்கொண்டே இருக்கும் வழிவண்டிக்கு அது உதவும். எங்கள் பக்கம் நிற்பவர்கள் வந்து சேர்ந்துவிட்டவர்கள், கேட் திறக்கக் காத்திருப்பவர்கள். 2025 முதல் புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்கிறார்கள். ஒரு தம்பி புது வண்டியோடு வந்து பெருமையாகக் காட்டினான். இன்ஜினை நிறுத்தினால் ஏசியும் நிற்கும். டீசல் செலவுக்குப் பயந்து நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, கொசுவத்தி வாங்க என்னிடம்தான் வந்தான். உப்பனாற்றுக் கொசுவுக்குப் பழைய லாரி, புது லாரி என்ற பேதம் இல்லை.

இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பன்னிரண்டு சக்கர வண்டி நிற்கவும், வளைத்து வெளியே எடுக்கவும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு நாற்பது லாரி தாராளமாக நிற்கும் என்கிறார் என் வீட்டுக்காரர். இரண்டு ஏக்கர் இருந்தால் எங்கள் பக்கத்து ரோடு ராத்திரியில் காலியாகிவிடும். துறைமுகப் பகுதியிலோ, தொழிற்பேட்டைக்குள்ளோ, மாநகராட்சி நிலத்திலோ இரண்டு ஏக்கர் தேடுவது எனக்குக் கஷ்டம், உங்களுக்கு ஒரு கூட்டம். கட்டடம் வேண்டாம். வளைவும் திறப்பு விழாவும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மழையில் சக்கரம் புதையாத தரை, நாலு உயர விளக்கு, கழிப்பறை, தண்ணீர், ஒரு காவலாளி, இவ்வளவு போதும். ராத்திரிக்கு ஐம்பது ரூபாய் வாங்கினாலும் கொடுப்பார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு பேட்டரி திருட்டுப் போனால் ஆகும் செலவு அவர்களுக்குத் தெரியும்.

இடம் வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் பணமே வேண்டாம். சரக்கு எடுக்கிற கம்பெனிகளை உட்காரவைத்துப் பேசுங்கள். காலை எட்டு மணிக்குத்தான் கேட் என்றால், முந்தின ராத்திரி வருகிற வண்டியை மதிலுக்கு உள்ளே விட்டுக்கொள்ளட்டும். முடியாது என்றால், போனிலேயே டோக்கன் கொடுத்து, உன் முறை பன்னிரண்டு மணிக்கு என்று சொல்லிவிடட்டும். அந்த டிரைவர் விழுப்புரத்திலோ பண்ருட்டியிலோ ஒரு பெட்ரோல் பங்க்கில் நிம்மதியாகத் தூங்கிவிட்டு வருவார். பதினாலு வண்டியையும் ஒரே நேரத்துக்கு வரவழைத்துவிட்டு ரோட்டில் வரிசை கட்டவிடுவது கம்பெனிக்கு வசதி. அந்த வசதிக்கு வாடகை கட்டுவது நாங்கள். மீன் வண்டிகளின் ஏலக் காத்திருப்பு வேறு மாதிரி, அது கடலையும் படகையும் பொறுத்தது. அதை மீனவர் சங்கங்களைக் கேட்டு முடிவு செய்யவேண்டும், நான் சொல்லக்கூடாது.

இடம் குறித்துப் பலகை வைக்கும்வரை, ஒழுங்காக ஓரங்கட்டித் தூங்குகிறவரை ராத்திரி எழுப்பாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ரோந்துக் காவலர்கள் கெட்டவர்கள் இல்லை, என் கடையில்தான் அவர்களும் டீ குடிக்கிறார்கள். மேலே இருந்து "ரோடு க்ளியரா இருக்கணும்" என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? வளைவிலும் பாலத்தருகிலும் நிற்கிற வண்டியைக் கட்டாயம் எடுக்கச் சொல்லட்டும். மற்றதுக்குக் கையில் நாலு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் வைத்திருந்து ஒட்டிவிட்டுப் போகட்டும்.

முடியாத காரியம் இல்லை என்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்தேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின், தென்பெண்ணை பெருகிய நாட்கள். ஊருக்குள் வெள்ளம், எங்கள் ரோட்டில் லாரிகள் வால் தெரியாமல் நின்றன. நானும் என் வீட்டுக்காரரும் கஞ்சி காய்ச்சி ஊற்றினோம். பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், முகூர்த்தமும் இல்லை, சும்மாதானே கிடக்கிறது என்று மைதானத்துக் கேட்டைத் திறந்துவிட்டார். முப்பதுக்கு மேற்பட்ட லாரிகள் உள்ளே போயின. குழாய் இருந்தது, கழிப்பறை இருந்தது, விளக்கு இருந்தது. இரண்டு ராத்திரி. ஒரு சண்டை இல்லை, திருட்டு இல்லை. டிரைவர்கள் கிளம்பும்போது அவர்களே மைதானத்தைப் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு நாளும் நான் ரோட்டில் ஒரு கல்கூட எடுக்கவில்லை.

என் வியாபாரம் என்னாகும் என்று என் வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். லாரி நிறுத்தம் வந்தால் அதன் வாசலில் ஒரு கடை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டுவிட்டேன். கொடுக்காவிட்டாலும் மேலே எழுதியதில் எதையும் மாற்றமாட்டேன்.

குழுவினர் நேரில் பார்க்க வருவதானால் பகலில் வரவேண்டாம், பகலில் இங்கே ஒன்றும் தெரியாது. ராத்திரி ஒரு மணிக்கு மேல் வாருங்கள். முதுநகரிலிருந்து வந்தால் இடது கைப் பக்கம், இரண்டு டியூப் லைட் எரியும் கடை. சுக்குக் காப்பியும் இருக்கும். சைரன் விளக்கு வைத்த வண்டியில் மட்டும் வராதீர்கள். அதைப் பார்த்ததும் தூங்குகிறவர்கள் எல்லாம் எழுந்து வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
சிதம்பரம் ரோட்டு ராத்திரி டீக்கடைக்காரி,
கடலூர் முதுநகர்.